ஏறாவூரும் இருபத்தோராம் துறையும்

ஏறாவூரிலிருந்து வாசகர் ஒருவர் நான்கு பக்கங்களில் நெடியதொரு கடிதம் விடுத்திருக்கிறார். பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் கணினியைக் கற்றுக்கொண்டவர் என்பதும், கற்றதைச் செய்து பார்க்கத் தயங்காதவர் என்பதும் கடிதத்தைப் படித்த மாத்திரத்திலே புலனாகின்றன. அவருடைய கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகள் கடல் கடந்து வாழும் எத்தனையோ குடும்பங்களில் இன்றோ நாளையோ எழக்கூடிய கேள்வியாதலின், இவ்வாரப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கத் துணிந்தோம்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய பெரும் புயலை அப்பகுதி மக்கள் இன்றும் மறந்தாரல்லர். அந்தப் புயலில் அன்பரின் வீட்டுக் கூரை பறந்தது. பெட்டகத்திலே பேணி வைத்திருந்த குடும்பப் படங்கள் நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாய்ப் போயின. தப்பியவை சில, பின்னர் உறவினர் வீடுகளில் தேடிப் பெற்றவை பல. அவை யாவற்றையும் காணி உறுதிகள், திருமணப் பதிவுகள், தந்தையார் கைப்பட எழுதிய கணக்கேடு ஆகியவற்றோடு சேர்த்துப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஒரு மேசைக் கணினியில் நிரப்பியிருக்கிறார். அளவு 40 கிகாபைட்டுக்குச் சற்று மேல். தோஹாவிலிருக்கும் மகள், "வாப்பா, எல்லாவற்றிலும் எனக்கொரு பிரதி தாருங்கள், ஓரிடத்தில் மட்டும் இருப்பது நல்லதன்று" என்கிறாராம். மகளின் கூற்று முற்றிலும் சரி. ஒரே பெட்டகத்தை நம்பியிருந்ததன் பயனை 1978 காட்டிற்றன்றோ!

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 15 கிகாபைட் இடம் இதற்குப் போதாது. காணி உறுதிகளை அந்நிய நிறுவனத்தின் களஞ்சியத்தில் ஒப்படைக்கவும் அன்பருக்கு மனமில்லை. ஆகவே, தமது கணினியையே ஒரு சிறு கோப்புச் சேவையகமாக்கி, மகள் தோஹாவிலிருந்தே வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி செய்ய எண்ணினார். அதற்கான எப்.ரி.பி. நிரலை நிறுவினார். கணினியின் தீச்சுவரில் 21ஆம் எண்ணைத் திறந்துவிட்டார். பின்னர் வீட்டுக்குள்ளிருந்தே தம் கைத்தொலைபேசியால் சோதித்தார். பெயரையும் கடவுச்சொல்லையும் கணினி ஏற்றுக்கொண்டது. ஆனால் கோப்புகளின் பட்டியல் மட்டும் வரவேயில்லை. நிமிடக்கணக்காகக் காத்திருந்தும் திரை வெறுமையாகவே இருந்தது. தீச்சுவரை முற்றாக அணைத்தார். பட்டியல் உடனே வந்துவிட்டது! எனினும், தோஹாவிலிருந்து மகளால் எவ்வாற்றானும் நுழைய முடியவில்லை. "மூன்று வாரமாகச் சுவரை அணைத்தபடியே வைத்திருக்கிறேன். அப்படியே விடலாமா?" என்பது அவர் வினா.

விடலாகாது. இன்று மாலையே சுவரை மீண்டும் எழுப்பிவிட்டு, அதன் பின்னர் இப்பகுதியின் எஞ்சிய பாகத்தை அவர் படிப்பாராக.

தீச்சுவர் என்றவுடன் தீயாலான சுவரென்று மாணவர் சிலர் கருதுவதுண்டு. அஃது அவ்வாறன்று. வரிசையாகக் கட்டப்பெற்ற வீடுகளில் ஒன்றிலே பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாதபடி இடையில் எழுப்பும் தடித்த சுவருக்கே கட்டடக்கலைஞர் அப்பெயரை இட்டனர். கணினி அறிஞர் அதனை இரவல் வாங்கிக்கொண்டனர். ஏறாவூர் வாசிகளுக்கோ இதனை விளக்க இரவற்சொல் தேவையில்லை. அவர்கள் ஊரின் பெயரே அதனை விளக்கும்.

மட்டக்களப்பிலே ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. முன்னொரு காலத்தில் முக்குவருக்கும் திமிலருக்கும் போர் மூண்டதாம். முக்குவர், பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம்களின் துணையோடு திமிலரை வடக்கு நோக்கித் துரத்தினராம். சத்துருவை வென்ற இடம் சத்துருக்கொண்டான். வந்து களைப்பாறிய இடம் வந்தாறுமூலை. இரு சாராரும் சந்தித்த வெளி சந்திவெளி. தோற்றோடியவர் மீண்டும் ஏறிவராதபடி காவல் வைத்த இடம் ஏறாவூர். இதனை வரலாறென்று யாம் வாதிட வரவில்லை. ஆனால் கதையிலே ஒரு நுட்பம் உண்டு. காவல் வைத்தார்கள் என்பதனால் ஊரார் அடைபட்டுக் கிடந்தார்கள் என்பதில்லை. ஊரவர் வெளியே போவர். அலுவல் முடித்து மீள்வர். அவர் அழைத்து வரும் விருந்தினரும் வருவர். அழையாது வரும் அந்நியரையே காவலர் மறிப்பர்.

தீச்சுவரின் வேலை முழுவதும் இதுவே. உரையாடலைத் தொடக்கியவர் யார் என்று அது நோக்குகிறது. உங்கள் கணினி ஒரு செய்தித்தாளின் இணையத்தளத்தை நாடிச் சென்றால், அங்கிருந்து வரும் மறுமொழியைத் தாராளமாக உள்ளே விடும். நீங்கள் கேளாமலே வெளியிலிருந்து ஒன்று வந்து கதவைத் தட்டுமாயின், மறுமொழியுங் கூறாமல் தள்ளிவிடும். சாதாரணமாகக் கணினியைப் பயன்படுத்துவோருக்கு இவ்வொரு விதியே போதும். சேவையகமோ இதற்கு நேர்மாறானது. அது எவரையும் நாடிச் செல்வதில்லை. பிறர் வந்து தட்டுவதற்காகவே காத்துக் கிடப்பது. மகள் தட்டினாலும் கள்வன் தட்டினாலும் சுவருக்கு இருவரும் அழையாது வந்தவரே. ஆதலாற்றான், இன்ன இடத்தில் இன்னது வந்தால் விடுக என்று நாமே காவலனுக்குச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

அந்த 'இன்ன இடம்' யாது? கணினியிலே அதனைத் துறை என்கிறோம். வாவிக்கரையிலே வாழ்வோருக்கு இதனை விளக்குவது எளிது. மண்முனையிலே 2014இற் பாலம் திறக்கப்படும்வரை மக்களும் வாகனங்களும் வாவியைக் கடந்தது மிதவைப் பாதையிலேதான். அத்துறைக்குச் சென்றால் அக்கரை ஒன்று. வேறொரு துறைக்குச் சென்றால் அக்கரை வேறொன்று. வாவி ஒன்றாயினும் துறைகள் பல. ஒவ்வொரு கணினிக்கும் 65,535 துறைகள் உண்டு. அவை கட்டையும் கல்லுமில்லாத வெறும் எண்கள். இணையப் பக்கங்களுக்கு 80, 443, எப்.ரி.பி.க்கு 21. அத்துறையிலே காத்திருக்கும் நிரல் ஒன்று இருந்தாலன்றி வருபவர் கரையேற முடியாது. காத்திருக்கும் நிரல்கள் எவையெவை என்பதைக் கணினிக்கு உடையவரே அறியார் என்பதில்தான் அபாயம் தங்கியிருக்கிறது.

இனி, பட்டியல் ஏன் வரவில்லை என்பதைப் பார்ப்போம். இதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் மாணவர் அணியில் 1965இற் பட்டம் பெற்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு மேற்படிப்புக்காகச் சென்றவர் அபய் பூஷண் என்னும் இந்தியர். இணையத்தின் தாயெனத் தக்க ஆர்ப்பாநெட் வலையமைப்பு அப்போது தவழும் பருவத்திலிருந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக் கணினியிலுள்ள கோப்பை இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப எல்லோருக்கும் பொதுவான முறை ஒன்றுமில்லை. 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆந் திகதியிட்ட 114ஆம் இலக்கக் குறிப்பிலே பூஷண் அத்தகைய முறையொன்றை வகுத்தார். அதுவே கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின், அதாவது எப்.ரி.பி.யின், பிறப்பு. பலமுறை திருத்தப்பெற்று, 1985 ஒக்டோபரில் யொன் பொஸ்ரல், யொய்ஸ் றெய்னோல்ட்ஸ் என்னும் இருவர் எழுதிய 959ஆம் இலக்கக் குறிப்பில் அது நிலைபெற்றது. ஏறாவூர் அன்பரின் கணினியில் இன்று ஓடுவதும் அடிப்படையில் அந்நெறிமுறையே.

அக்காலத்திலே வலையமைப்பில் இருந்தோர் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர். சுவருக்குத் தேவை எழவில்லை. ஆகவே எப்.ரி.பி.யை வகுத்தோர் ஒரு வசதியைக் கருதி அதற்கு இரண்டு துறைகளைக் கொடுத்தனர். ஒன்று பேசுவதற்கு, மற்றொன்று சாமான் ஏற்றி இறக்குவதற்கு. கடைக்காரர் கடை முகப்பிலே வாடிக்கையாளரோடு விலை பேசிவிட்டு, மூட்டையைப் பின்புறத்துப் படலையாற் கொடுத்தனுப்புவது போன்ற ஏற்பாடு இது. 21ஆம் துறையில் 'நான் இன்னார், இதோ கடவுச்சொல், பட்டியலைக் காட்டுக' என்னும் பேச்சு மட்டும் நடைபெறும். பட்டியலோ படமோ அவ்வழியே வராது. அதற்கு ஒவ்வொரு முறையும் புதிதாக வேறொரு வழி திறக்கப்பட வேண்டும்.

பழைய முறைப்படி, அந்தப் புதுவழியைத் திறப்பது சேவையகம். அது தன் 20ஆம் துறையிலிருந்து புறப்பட்டு, கோப்புக் கேட்டவரின் கணினியைத் தேடிச் செல்லும். கேட்டவர் வீட்டிலும் சுவர் உண்டல்லவா? அங்கே இச்சேவையகம் அழையாத அந்நியன், மறிக்கப்படும். சுவர்கள் பெருகத் தொடங்கியபோது இம்முறை பயனற்றதாயிற்று. ஸ்ரீவன் பெலோவின் என்னும் அறிஞர் 1994 பெப்ரவரியில் எழுதிய 1579ஆம் இலக்கக் குறிப்பிலே, நெறிமுறையில் ஏற்கெனவே மூலையிற் கிடந்த மாற்றுமுறையை எல்லோரும் கைக்கொள்ளுமாறு வற்புறுத்தினார். அதிலே சேவையகம் வெளியே செல்லாது. 'இன்ன துறையைத் திறந்து வைத்திருக்கிறேன், நீரே வந்து எடுத்துச் செல்லும்' என்று அறிவித்துவிட்டுக் காத்திருக்கும். இதனைச் செயலறு முறை என்பர். இன்றைய நிரல்கள் பெரும்பாலும் இதனையே பின்பற்றுகின்றன.

அவ்வறிவிப்பை அன்பர் தம் நிரலின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். 227 என்னும் எண்ணோடு தொடங்கும் வரி அது. அதன் ஈற்றில் அடைப்புக்குறிக்குள் ஆறு எண்கள் இருக்கும். உதாரணமாக, 192, 168, 1, 10, 195, 80. முதல் நான்கும் கணினியின் முகவரி. கடைசி இரண்டும் சேர்ந்து துறையைக் குறிக்கும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்க: 195ஐ 256ஆற் பெருக்க 49,920, அதனோடு 80ஐக் கூட்ட 50,000. ஆகவே, '50,000ஆம் துறைக்கு வருக' என்பதே சேவையகம் கூறியது. அடுத்த முறை கேட்டால் 51,377 என்று கூறும்; அதற்கடுத்த முறை வேறொன்று. அன்பர் திறந்து வைத்ததோ 21 மட்டுமே! முகப்பிலே பேச்சு இனிது முடிந்தது. பின்படலைக்குச் சென்றபோது அது பூட்டிக் கிடந்தது. கடவுச்சொல் ஏற்கப்பட்டும் பட்டியல் வராமல் திரை வெறித்துக் கிடந்ததன் மருமம் இதுவே.

இங்கே கூரிய மாணவர் ஒருவர் குறுக்கிடக்கூடும். "சுவர் அப்பேச்சைக் கேட்டு, உரிய துறையைத் தானே திறக்கலாகாதா?" என்பார். நல்ல கேள்வி. 21ஆம் துறையில் நடக்கும் உரையாடலை ஒட்டுக்கேட்டு, வேண்டிய துறையைத் தற்காலிகமாகத் திறந்துவிடும் சுவர்கள் உண்டு. ஆனால் அன்பர் நிறுவிய நிரல், அவர் எழுதியிருப்பதன்படி, பேச்சு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்வது. கடவுச்சொல்லை இடைவழியில் எவரும் களவாடாதிருக்க அது வேண்டியதே. ஆனால் கள்வனுக்குப் புரியாத பேச்சு காவலனுக்கும் புரியாது. ஆகவே காவலனால் உதவ இயலவில்லை.

பரிகாரம் எளிது. சேவையக நிரலின் அமைப்புகளிலே, செயலறு முறைக்கான துறைகளை 50,000 முதல் 50,020 வரை என்று வரையறுத்துவிடுக. ஒரு குடும்பத்துக்கு இருபத்தொரு துறைகள் தாராளம். பின்னர் வின்டோஸ் தீச்சுவரின் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து, 'இன்பவுண்ட் ரூல்ஸ்' என்னும் உள்வரவு விதிகளுக்குட் சென்று, ரி.சி.பி. வகையில் 21ஐயும் 50,000 முதல் 50,020 வரையும் அனுமதிக்கும் புதுவிதி ஒன்றை எழுதுக. அவ்விதியை அந்த ஒரு நிரலுக்கு மட்டும் உரியதாக்குவது இன்னும் நன்று. அப்போது அந்நிரல் ஓடாத வேளையில் அத்துறைகளுக்கு வந்த வேறெவரும் அவ்விதியினாற் பயனடையார்.

இதிலே இரண்டு இடறுகட்டைகள் உண்டு. வின்டோஸ் ஒவ்வொரு வலையமைப்பையும் தனிப்பட்டது, பொதுவானது என்று இரு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் வீட்டு வைபையைப் 'பொது' என்று அது பதிந்திருக்க, நீங்களோ விதியைத் 'தனிப்பட்ட' வகுப்புக்கு மட்டும் எழுதியிருந்தால், விதி ஏட்டளவில் நிற்குமேயன்றிச் செயற்படாது. மற்றது இன்னும் வஞ்சகமானது. புதிய சேவையக நிரலை முதன்முறை ஓட்டும்போது, 'இதனை அனுமதிக்கலாமா?' என்று ஒரு பெட்டி திரையில் தோன்றும். ஏதோ விளம்பரமென்றெண்ணி அதனை மறுத்து மூடுவோர் பலர். அவ்வேளையில் வின்டோஸ் அந்நிரலைத் தடுக்கும் விதியொன்றை ஓசையின்றி எழுதிவைத்து விடுகிறது. வின்டோஸ் தீச்சுவரிலே தடுக்கும் விதிக்கும் அனுமதிக்கும் விதிக்கும் மோதல் நேர்ந்தால், தடுப்பதே வெல்லும். நீங்கள் எத்தனை அனுமதி எழுதினாலும் பயனில்லை. ஆகவே பட்டியலில் அந்நிரலின் பெயருக்கு நேரே சிவப்புக் குறி உள்ளதா என்று முதலிற் பார்த்து, இருப்பின் அதனை நீக்குக.

சுவரை முற்றாக அணைத்தபோது எல்லாம் நடந்தேறியது என்றாரல்லவா? உண்மை. 21ஐயும் 50,000ஐயும் மட்டுமன்றி, எஞ்சிய அறுபத்தையாயிரத்துச் சொச்சத்தையும் அவர் திறந்து வைத்தார். அதனால் என்ன நேரும் என்பதற்குப் பழங்கதை தேட வேண்டியதில்லை. 2003 ஓகஸ்ட் மாதத்தில் பிளாஸ்ரர் என்னும் கணினிப்புழு உலகெங்கும் பரவிற்று. எவரும் மின்னஞ்சலைத் திறக்கவில்லை, எதனையும் தொடவில்லை. வின்டோஸ் கணினிகளில் உடையவர் அறியாமலே காத்துக் கிடந்த நிரலொன்றின் 135ஆம் துறையாற் புழு தானே நுழைந்தது. அன்றைய வின்டோஸ் எக்ஸ்.பி.யிலே தீச்சுவர் இருந்தது. ஆனால் அணைத்த நிலையில் விற்கப்பட்டது! மைக்ரோசொப்ற் நிறுவனம் 2004 ஓகஸ்டில் வெளியிட்ட இரண்டாம் சேவைத்தொகுப்பின் பின்னரே சுவர் தொடக்கத்திலிருந்தே எழுந்து நிற்கலாயிற்று. 2017 மே மாதத்திலே வன்னாக்கிறை என்னும் மற்றொன்று 445ஆம் துறையைப் பற்றிக்கொண்டு பரவி, கணினியிலுள்ள கோப்புகளை எல்லாம் பூட்டி, திறக்கப் பணங்கேட்டது. பிரித்தானிய மருத்துவமனைகளில் நோயாளரைத் திருப்பியனுப்பும் நிலை வந்தது. 445 யாருடைய துறை? கோப்புப் பகிர்வுக்கு வின்டோஸ் வைத்திருக்கும் துறையே அது. அன்பரின் கணினியில் உள்ள படங்களை எண்ணிப் பாருங்கள். புயலுக்குத் தப்பியவை ஒரு புழுவுக்கு இரையாக வேண்டுமா?

எனினும் அவரை முற்றாக அச்சுறுத்தவும் விரும்புகிலோம். மூன்று வாரமும் அவர் கணினி இணையத்துக்கு நேரே வெறுமேனியாய் நின்றதன்று. மகளால் நுழைய முடியாமற் போனதற்கும், அவர் தப்பியதற்கும் காரணம் ஒன்றே. வீட்டிலே இரண்டாவது சுவர் ஒன்று இருக்கிறது.

தொலைபேசி நிறுவனத்தார் வைத்துச் சென்ற றூட்டர் பெட்டியே அது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள்வீட்டுப் பெயர்கள். சின்னத்தம்பி, ராசாத்தி என்று வீட்டுக்குள் அழைப்பது போல்வன. தெருவிலே அப்பெயரைச் சொன்னால் தபாற்காரர் திகைப்பார். ஊரெங்கும் சின்னத்தம்பிகள் உளர். வெளியுலகுக்கு அப்பெட்டியின் முகவரி ஒன்றே தெரியும். வெளியிலிருந்து ஒருவர் 21ஆம் துறையைத் தட்டினால், உள்ளே இருக்கும் தொலைபேசி, தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றுள் யாருக்கு அனுப்புவதென்று பெட்டிக்குத் தெரியாது, கைவிட்டுவிடும். தெரிவிக்க விரும்பினால், பெட்டியின் அமைப்பிலே 'போர்ட் போர்வேடிங்' எனப்படும் துறை முன்செலுத்தலிற் சென்று, இத்துறைகளுக்கு வருபவரை 192.168.1.10க்கு அனுப்புக என்று எழுத வேண்டும். அக்கணினிக்கு அந்த உள்முகவரி மாறாதிருக்கவும் அங்கேயே ஏற்பாடு உண்டு. இன்னொன்று: மேலே கண்ட 227ஆம் வரியில் சேவையகம் தன் உள்வீட்டுப் பெயரையே தோஹாவுக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். மகளின் கணினி அப்பெயரைத் தோஹாவிலே தன் வீட்டுக்குள் தேடும்! ஆகவே நிரலின் அமைப்பில் வெளிமுகவரியை இடுதலும் வேண்டும்.

இத்தனையுஞ் செய்தும் பலிக்காதிருக்கலாம். அப்போது பெட்டியின் அமைப்புப் பக்கத்திலே அதன் வெளிமுகவரி யாதென்று பார்க்க. அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் ஒன்றாகத் தொடங்கினால், மேற்கொண்டு முயல்வது வீண். உலகிலுள்ள பழைய வகை இணைய முகவரிகள் சுமார் 429 கோடியே. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரி 3ஆந் திகதியே தீர்ந்துபோயிற்று. அன்றுதொட்டு நிறுவனங்கள் பல, முக்கியமாகக் கைத்தொலைபேசி வழி இணையம் வழங்குவோர், ஒரே முகவரியை எத்தனையோ வீடுகளுக்குப் பொதுவிலே கொடுக்கின்றன. அங்கே மூன்றாவது சுவரொன்று நிறுவனத்தின் கட்டடத்திலே நிற்கிறது. அதிலே கைவைக்க நமக்கு அதிகாரமில்லை. நிறுவனத்தாரிடம் தனிமுகவரி கேட்டுப் பெறலாம், அல்லது வி.பி.என். எனப்படும் தனிவழி இணைப்பொன்றை அமைத்து, வீட்டுக்கணினியே உள்ளிருந்து வெளியே சென்று மகளின் கணினியோடு கைகோக்கச் செய்யலாம். உள்ளிருந்து தொடங்கும் பேச்சை இத்தகைய சுவர்கள் பொதுவாக மறிப்பதில்லை என்று முன்னர் கண்டோமல்லவா? நாற்பது கிகாபைட்டைச் சுண்டுவிரலளவுத் தட்டிலே ஏற்றித் தோஹா செல்லும் அடுத்த உறவினரின் சட்டைப்பையில் வைத்தனுப்புவதும் இழுக்கன்று. இணையத்தைவிட அது விரைவாகவே போய்ச் சேரும்.

ஆயினும் அன்பர் கேட்டது அதுவன்று. படங்கள் மேலும் மேலும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. மகள் வேண்டியபோதெல்லாம் வந்து பார்க்க வேண்டும் என்கிறார். அங்ஙனமாயின் எமது அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகிறோம்: எப்.ரி.பி.யை விட்டுவிடுக. அதன் பிறப்பை இத்துணை நேரம் பாராட்டிவிட்டு இப்படிக் கூறுவது நன்றிகேடு போலத் தோன்றலாம். சுவரில்லாத காலத்துக்கென வகுத்த நெறிமுறைக்காக இருபத்திரண்டு துறைகளைச் சுவரிலே திறந்து வைப்பது எதற்கு? குரோம், பயர்பொக்ஸ் ஆகிய உலாவிகளும் 2021இலேயே எப்.ரி.பி.யைக் கைவிட்டன.

அதற்குப் பதிலாக எஸ்.எப்.ரி.பி. என்பதைக் கைக்கொள்க. பெயரிலே ஓரெழுத்தே மிகை எனினும் குலம் முற்றிலும் வேறு. பின்லாந்திலே ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதைக் கண்டு, ரட்டு இலோனன் என்பார் 1995இல் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறிப் பேச்சுமுறையைப் படைத்தார். எப்.ரி.பி.க்கு 21, ரெல்நெற் என்னும் பழைய முறைக்கு 23. இரண்டுக்கும் நடுவே 22 வெறுமையாய்க் கிடப்பதைக் கண்டு அவ்வாண்டு யூலையில் அதனைக் கேட்டார். மறுநாளே கிடைத்துவிட்டது. எண்ணைக் கொடுத்தவர், மேலே நாம் கண்ட யொய்ஸ் றெய்னோல்ட்ஸ் அம்மையாரே! எஸ்.எஸ்.எச். வழியில் நடப்பதே எஸ்.எப்.ரி.பி. பேச்சும் சாமானும் 22ஆம் துறை ஒன்றினாலேயே போய்வரும். பின்படலை இல்லை. சுவரிலே ஒரு விதி. பெட்டியிலே ஒரு விதி. 2018இன் பிற்பகுதியில் வந்த வின்டோஸ் 10 பதிப்பிலிருந்து இதற்கான சேவையகம் வின்டோஸிலேயே விருப்பத் தெரிவாகக் கிடைக்கிறது. வந்தாறுமூலையிலே 1986 முதல் கிழக்குப் பல்கலைக்கழகம் நிற்கிறது. அங்கே கணினி கற்கும் மாணவர் எவராயினும் அன்பருக்கு அரை நாளில் இதனை அமைத்துக் கொடுத்துவிடுவர். வாசகர் எவரேனும் அயலிலிருப்பின் உதவுவாராக.

அமைக்கும்போது சிலவற்றை மறவற்க. மகளுக்கென்று கணினியிலே தனிக்கணக்கு ஒன்று இருக்கட்டும். குடும்பத் தலைவரின் சொந்தக் கணக்கைக் கொடுக்கலாகாது. அக்கணக்கு படங்கள் உள்ள கோப்புறை ஒன்றை மட்டுமே காணட்டும். படிக்க மட்டுமே இயலட்டும். அழிக்கவோ திருத்தவோ இயலாதிருக்கட்டும். காணி உறுதிகளையும் வங்கி ஏடுகளையும் அக்கோப்புறையில் வையற்க. அவற்றின் பிரதி மகளுக்கு வேண்டுமெனில், அதற்கு அந்தச் சுண்டுவிரற் தட்டே போதும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக்கோப்பு வைக்கும் முறை எஸ்.எஸ்.எச்.இல் உண்டு. அதனைக் கைக்கொண்டு, கடவுச்சொல்லால் நுழைவதை முற்றாகத் தடைசெய்துவிடுவதே உத்தமம். இவ்வொன்றைச் செய்யாமல் 22ஐ உலகுக்குத் திறக்க யாம் சம்மதியோம்.

சோதனை செய்யும்போது வீட்டு வைபையிலிருந்து சோதிக்க வேண்டாம். உள்ளேயிருந்து தட்டுவது உள்வீட்டாரின் தட்டலாகவே எண்ணப்பட்டு, பெட்டியின் சுவர் சோதிக்கப்படாமலே போய்விடும். கைத்தொலைபேசியில் வைபையை அணைத்து, தொலைபேசி நிறுவனத்தின் தரவில் நின்று, வெளிமுகவரியைத் தட்டிப் பார்க்க. அம்முகவரி மின்வெட்டின் பின்னரோ பெட்டியை அணைத்து ஏற்றிய பின்னரோ மாறிவிடக்கூடும். மகள், "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்று கூறினால், முதலிற் பார்க்க வேண்டியது அதுவே. மாறும் முகவரிக்கு மாறாப் பெயரொன்றைத் தரும் சேவைகள் உண்டு; பெட்டியின் அமைப்பில் 'டைனமிக் டி.என்.எஸ்.' என்னும் தலைப்பிற் காண்க.

எல்லாம் அமைந்த பின்னர், இரண்டொரு நாள் கழித்துச் சேவையகத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் அன்பர் திடுக்கிடுவார். 'றூட்', 'அட்மின்', 'ரெஸ்ற்' என்னும் பெயர்களோடு, எங்கெங்கோ உள்ள முகவரிகளிலிருந்து, நள்ளிரவிலும் விடியற்காலையிலும் தட்டியவர்களின் வரிசை நீண்டு கிடக்கும். அவர்கள் ஏறாவூரைத் தேடி வந்தவரல்லர். உலகின் முகவரிகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிச் செல்லும் இயந்திரங்கள். சாவிக்கோப்பு இல்லாமையால் வாசலிலே நின்று திரும்பிச் சென்றவை. அவ்வரிசையின் நடுவே மகளின் கணக்குப் பெயரும், அதன்கீழ் அவர் இறக்கிக்கொண்ட படங்களின் பெயர்களும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்க. இறக்கி முடிந்துவிட்டதென மகள் அறிவித்தவுடன், உள்வரவு விதிகளின் பட்டியலில் அவ்விதியைத் தெரிந்து, 'டிசேபிள் ரூல்' என்பதை அழுத்துக. அடுத்த தொகுதிப் படங்கள் ஆயத்தமாகும்போது அதே இடத்தில் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம், விதி அழிந்துவிடாது.